நூறாகும் வரை தூங்கியவர்

எங்கள் ஸ்டுடியோவில் அக்காவுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தவர் கேமராக்காரர். வைத்தாரே தவிர, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் தைரியம் அவருக்கும் கிடையாது. நேரில் எல்லோருக்கும் அவர் அக்காதான். முதுகுக்குப் பின்னால்தான் தூங்குமூஞ்சி. அது அக்காவின் காதுக்கும் போயிருந்தது. "உள்ளதத்தானே சொல்றாரு, விடு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளதுதான். காலையில் வந்து, கைப்பையை ஆணியில் மாட்டி, முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் அக்கா தூங்கிவிடுவார். வேலை அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். தூங்கிக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்று உலகத்தில் ஒன்று இருந்ததென்றால், அது அக்காவுடையதுதான். அதையும் கெடுத்தார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நாங்கள் விசேஷங்களை வீடியோ எடுத்துக் கொடுக்கிறவர்கள். கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டு விழா, யாராவது அதிகாரி ஓய்வு பெறும் நாள், எதுவானாலும் சரி. மருந்துக் கடைக்கு மேலே மூன்று அறைகள். முன்னறையில் ஆல்பங்களும் சோபாவும் வாடிக்கையாளர்களும். நடு அறையில் முதலாளி. ஜன்னலே இல்லாத பின்னறையில் நானும் அக்காவும். நான் எடிட்டிங். மாப்பிள்ளையும் பெண்ணும் மெதுவாக நடந்து வருவதை இன்னும் மெதுவாக்கி, மேலே ஒரு புல்லாங்குழலைப் போட்டு அனுப்புவது என் தொழில். எத்தனையோ வருடமாக அதே நடை, அதே புல்லாங்குழல். சிரிக்கிற முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சிரிப்பே அலுத்துவிட்டது.

அக்காவின் தொழில் நகல் எடுப்பது. முந்தின நாள் எடுத்த மெமரி கார்டுகளை ஒரு சின்னப் பையில் போட்டுக் கேமராக்காரர் காலையில் கொண்டுவந்து கொடுப்பார். அக்கா அவற்றை ஒவ்வொன்றாகச் செருகி, உள்ளே இருப்பதை எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவார். பிறகு அந்த டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு. இரண்டு பிரதி ஆனால்தான் கார்டைத் திருப்பிக் கொடுப்பார். அதற்கு முன்னால் முதலாளியே வந்து நின்றாலும் கார்டு கைக்கு வராது. ஏனென்றால் கார்டு வெளியே போன அன்றைக்கே அதை அழித்துவிட்டு, அதிலேயே அடுத்த விசேஷத்தை எடுப்பார்கள். அதற்கப்புறம் பழையது காணோம் என்றால், அந்தக் கல்யாணத்தை மறுபடியும் நடத்தச் சொல்ல வேண்டியதுதான்.

அப்போதெல்லாம் கம்ப்யூட்டரோடு வருகிற சாதாரணக் காப்பிதான். ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து போகும். இன்னும் பத்து நிமிடம் என்று சொல்லும். அடுத்த நொடியே இரண்டு மணி நேரம் என்று சொல்லும். அதை நம்பி ஒரு டீ குடிக்கப் போகமுடியாது. எப்படிப் பார்த்தாலும் ஒரு பெரிய கல்யாணம் இரண்டு டிஸ்க்கிலும் ஏறி முடிய மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். அக்கா கோட்டை ஓடவிட்டு நிமிர்ந்து உட்காருவார். வலது கை மவுஸ்மேல் இருக்கும். கண்ணாடி மூக்கின்மேல் இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் இவரைவிடக் கண்ணும் கருத்துமான ஊழியர் கிடையாது. முன்னால் போய் நின்றால்தான் கண் மூடியிருப்பது தெரியும்.

அவர் விழிப்பதுதான் எனக்கு ஆச்சரியம். யாரும் எழுப்ப வேண்டாம். நூறு சதவீதம் ஆகி, டிஸ்க்கின் இரைச்சல் நின்றதும் கண் திறந்துவிடும். நடுவில் ஏதாவது தடங்கல் வந்து கோடு நின்றாலும் திறந்துவிடும். நான் வேண்டுமென்றே பக்கத்தில் நின்று பாட்டுப் பாடியிருக்கிறேன், நாற்காலியைத் தரையில் இழுத்திருக்கிறேன். அசைய மாட்டார். அந்தச் சின்ன இரைச்சல் நின்றால் மட்டும் "ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த கார்டை எடுப்பார். இத்தனை வருடத்தில் அக்கா கையில் ஒரு ஃபைல் தொலைந்ததில்லை. முதலாளிக்கும் இது தெரியும். பின்னறைக்கு வந்தால் செருமிவிட்டுத்தான் வருவார்.

ராத்திரியில் தூங்க விடாத ஆள் அக்காவின் வீட்டில் இருந்தார். அவருடைய மாமனார். ஒரு பெரிய கிடங்கில் இரவுக் காவல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதாக ஆக ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. மருமகளின் பெயர் மறந்தது, சாப்பிட்டது மறந்தது, தன் வீடு எது என்பது மறந்தது. பார்த்த வேலை மட்டும் மறக்கவில்லை. இருட்டிவிட்டால் டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார். ஜன்னல் ஜன்னலாகத் தட்டிப் பார்ப்பார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், பிறகு கதவைத் திறந்துகொண்டு தெருவில் ரோந்து போய்விடுவார். ஒரு தடவை பெட்ரோல் பங்கில் நின்று, வருகிற வண்டிகளை எல்லாம் மறித்து உள்ளே என்ன சரக்கு என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து அக்கா வாசல் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுக்க ஆரம்பித்தார்.

"தாண்டிப் போகமாட்டாருல்ல?" என்று கேட்டேன்.

"தாண்டினாக்கூடப் பரவாயில்லையே. எழுப்பி, யாரு நீ, பாஸ் இருக்கான்னு கேக்கறாரு. என் வீட்ல நான் படுக்கறதுக்குப் பாஸ் கேக்கறாரு டி" என்று சொல்லி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது கண்ணுக்குக் கீழே கருவளையம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டுக்கு வந்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். "ரோட்டுல கண்ணு முழிச்சிட்டு வந்த மனுஷன எழுப்ப எனக்கு மனசு வரல" என்பார் அக்கா. ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணை எழுப்பவும் மனசு வராது. நாத்தனார் ஒருத்தி பக்கத்து ஊரில் இருந்தாள். வாரம் தவறாமல் போன் செய்து, "அப்பாவ நல்லா பாத்துக்கங்க அண்ணி" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அந்த அக்கறையில் பாதியை அவள் நேரில் வந்து காட்டியிருந்தால் அக்கா இரண்டு ராத்திரி தூங்கியிருப்பார்.

மாமனார் பகலில் தூங்குவார். எதிர்வீட்டு அம்மா அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வார். ராத்திரி டியூட்டி முடித்த களைப்பு மாமனாருக்கு. "காலைல நான் கெளம்பறப்ப கொறட்ட விட்டு, கொழந்த மாதிரி தூங்குறாரு பாரு, அப்ப அவர உலுக்கி எழுப்பணும்போல ஆத்திரமா வரும் எனக்கு. பாவம்னும் இருக்கும். ரெண்டும் சேந்துதான் வருது" என்று ஒரு நாள் அக்கா சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

வாழ்க்கை முழுக்க அடுத்தவர் பொருளை ஒன்றுக்கு இரண்டாக்கிக் கொடுத்தவர் அவர். படிப்பு முடிந்ததும் ஜெராக்ஸ் கடை. அங்கே நாள் முழுக்க நின்று கால் வீங்கியது. அப்புறம் பாட்டுக் கேசட் பதிவு செய்கிற கடை. ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தினால் பாட்டு கீச்சுக் குரலில் வரும். அந்தக் கடையில்தான் உட்கார்ந்து வேலை பார்க்கக் கிடைத்ததாம். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது. கல்யாணமாகி, மகள் பிறந்து, கடை மூடி, இங்கே வந்து சேர்ந்தார். "எது மாறினாலும் காப்பி எடுக்க ஓராள் வேணும்ல" என்பார். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்படி இருக்கையில்தான் முதலாளியின் மச்சான் வந்தார். முதலாளியம்மாவின் தம்பி. ஏதோ கம்பெனியில் நிர்வாகம் பார்த்து, அங்கே சண்டை போட்டுவிட்டு, இங்கே நிர்வாகம் பார்க்க வந்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் யாராவது சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். வாயைத் திறந்தால் சீக்கிரம், சீக்கிரம்தான். கேமராக்காரர் அவருக்கும் பெயர் வைத்தார். சீக்கிரம் என்றே வைத்தார்.

முதல் வாரத்திலேயே பின்னறைக்கு வந்து அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று பச்சைக் கோட்டைப் பார்த்தார். அக்கா அப்போது விழித்துத்தான் இருந்தார்.

"இது முடிய எவ்வளவு நேரம்க்கா ஆகும்?"

"மத்தியானம் ஆயிடும் தம்பி."

"மத்தியானமா? ஒரு காப்பிக்கா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் புதிதாக ஒரு கார்டு ரீடரும் கேபிளும் வாங்கிக்கொண்டு வந்தார். இணையத்திலிருந்து ஒரு சாஃப்ட்வேரை இறக்கினார். ஃபைல்களை வேகமாகக் காப்பி எடுப்பதற்கென்றே யாரோ மெனக்கெட்டு எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். பார்க்க ஒன்றும் இல்லை. திரையில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு ஜன்னல். மேலே எதிலிருந்து, கீழே எதற்கு. பக்கத்தில் எந்த வகைக் காப்பி என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தள்ளுகோல், சரிபார்க்க வேண்டுமா என்று ஒரு கட்டம். அழகு கிழகு எதுவும் கிடையாது. ஆனால் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! ஒரு கல்யாணத்தையே டீ ஆறுவதற்குள் விழுங்கிவிட்டது. முதலாளி கை தட்டினார். கேமராக்காரர் வாயைப் பிளந்தார். எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது.

"நல்லா இருக்கு தம்பி" என்றார் அக்கா. பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி அவர் முகம் இருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

மிச்சமான நேரத்தை மச்சான் சும்மா விடுவாரா? போன் எடுப்பது அக்காவுக்கு வந்தது. ஆல்பத்துக்கு அட்டை வெட்டி ஒட்டுவது வந்தது. முன்னறையில் வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசுவது வந்தது. எல்லாம் விழித்திருந்து செய்கிற வேலைகள். அக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். என்னவென்று சொல்வது? ஆபீசில் தூங்க நேரம் போதவில்லை என்று யாரிடம் போய்ப் புகார் செய்வது?

மெல்ல மெல்ல அக்கா தேய ஆரம்பித்தார். பசை தடவிக்கொண்டே கண்ணயர்ந்து ஆல்பத்தின் இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒட்டிவிட்டார். ஒரு வாடிக்கையாளர் போனில் விலாசம் கேட்க, "நூறாயிடுச்சுங்க, எடுத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவதையும் ஒரு நாள் பார்த்தேன். கேமராக்காரர்கூட அதற்குப் பிறகு தூங்குமூஞ்சி என்று சொல்வதை விட்டுவிட்டார்.

திடீரென்று ஒரு நாள் காலையில் திரும்பிப் பார்க்கிறேன், அக்கா பழையபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கை மவுஸ்மேல், கண்ணாடி மூக்கின்மேல். டிஸ்க் இரைந்துகொண்டிருக்கிறது. டீ ஆறியது, டம்ளர் காலியானது, இரைச்சல் நிற்கவில்லை. மதியம் கண் திறந்த பிறகு, "என்னக்கா, சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

அக்கா கதவைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "இதுல வேகத்தக் கொறைக்கறதுக்கு ஒரு கோல் இருக்கு பாத்தியா? அத இந்தக் கடைசிக்குத் தள்ளிட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேகமாகக் காப்பி எடுப்பதற்கென்றே பிறந்த சாஃப்ட்வேரில் மெதுவாகப் போகிற வழியைத் தேடிக் கண்டுபிடித்த ஒரே ஆள் எங்கள் அக்காவாகத்தான் இருப்பார். "எழுதினவன் கேட்டான்னா தூக்குல தொங்குவான்" என்றேன். "எழுதினவன் ராத்திரி நல்லா தூங்குறவனா இருப்பான்" என்றார் அக்கா. அந்தச் சில வாரங்கள் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

மச்சான் ஒரு நாள் காலையில் அவசரமாக எதையோ காப்பி எடுக்க அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். தள்ளுகோலைப் பார்த்துவிட்டார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். ஆனால் அவருக்கு அக்காவின்மேல் சந்தேகமே வரவில்லை. "யாரோ தெரியாம கை பட்டுத் தள்ளியிருக்காங்க. அதான் இவ்வளவு நாளா இழுத்துச்சு" என்று சொல்லி, கோலை முழு வேகத்தில் வைத்தார். போன நேரத்தை ஈடுகட்ட வேண்டாமா? புதிதாக ஒரு ஏற்பாடும் செய்தார். முதல் பிரதி ஆனதும் கார்டைக் கேமராக்காரரிடம் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். இரண்டாவது பிரதியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

"ரெண்டு ஆகாம கார்டக் குடுத்தா சரிப்படாது தம்பி" என்றார் அக்கா.

"ரெண்டாவது எடுக்க எவ்வளவு நேரம் ஆயிடப்போவுது? அதுக்காக அவர எதுக்கு நிக்க வைக்கணும்?"

அக்கா முதலாளியைப் பார்த்தார். முதலாளி போனைப் பார்த்துக்கொண்டே, "அவன் சொல்றபடி செய்ங்கம்மா" என்றார்.

இரண்டாவது பிரதிக்குச் சாஃப்ட்வேரின் இன்னொரு வகையையும் மச்சான் சொல்லிக்கொடுத்தார். சிங்க் என்று அதற்குப் பெயர். மேலே குறித்த டிஸ்க் எப்படி இருக்கிறதோ, கீழே குறித்ததையும் அச்சு அசலாக அப்படியே ஆக்கிவிடும். மேலே புதிதாக இருப்பதைக் கீழே சேர்க்கும். மேலே இல்லாத ஒன்று கீழே இருந்தால் அழித்துவிடும். ஒவ்வொரு தடவையும் எதிலிருந்து எதற்கு என்று எழுதவும் வேண்டாம். முந்தின நாள் குறித்ததை அதுவே ஞாபகம் வைத்திருக்கும். முதலில் செருகுகிற டிஸ்க்குக்குக் கம்ப்யூட்டர் E என்று பெயர் கொடுக்கும், அடுத்ததற்கு F. அக்கா தினமும் கார்டிலிருந்து ஏற்றிய டிஸ்க்கை முதலில் செருகுவார், பிரதி டிஸ்க்கை அடுத்துச் செருகுவார், பொத்தானை அழுத்துவார். E-யிலிருந்து F-க்குப் போய்விடும்.

அன்று பிரதி டிஸ்க் நிரம்பிவிட்டதென்று புதிதாக ஒன்று வாங்கிவந்திருந்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லாத டிஸ்க். அதைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது போன் அடித்தது. யாரோ ஆல்பத்துக்குக் கத்தினார்கள். அக்கா தோளில் போனை இடுக்கிக்கொண்டு, சமாதானம் சொல்லிக்கொண்டே, கையிலிருந்த புது டிஸ்க்கை முதலில் செருகிவிட்டார். கார்டிலிருந்து ஏற்றிய டிஸ்க்கை அடுத்துச் செருகினார். E என்ற பெயர் காலி டிஸ்க்குக்குப் போனது. சாஃப்ட்வேர் நிச்சயம்தானா என்று கேட்டது. அது தினமும் கேட்கிற கேள்வி. அக்கா தினமும் அழுத்துவதை அழுத்தினார்.

மேலே இருந்த டிஸ்க் காலி. ஆகவே கீழே இருந்ததையும் அது காலியாக்கியது. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரைச்சல் ஆரம்பித்த மாதிரியே இல்லை, நின்றுவிட்டது. நூறு சதவீதம்.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்று அக்கா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பிறகு மவுஸ் சத்தம். நான் திரும்பினேன். அக்கா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். "இங்க வாயேன்" என்றார். "இங்க வந்து பாரேன். ஒண்ணுமே இல்ல."

பழைய விசேஷங்கள் நிரம்பிய பிரதி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. போனது புதிதாக ஏற்றிய, இரண்டு நாள் நடந்த பெரிய கல்யாணம். நான் இன்னும் அதைத் தொட்டிருக்கவில்லை. கேமராக்காரருக்குப் போன் போட்டோம். ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார். பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். "கார்டா? காலைலயே அழிச்சிட்டேனே. அதுலதான் ஓடிக்கிட்டிருக்கு. ஏன், என்னாச்சு?" என்றார். அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

நடு அறையில் மச்சான் கத்திய கத்தலில் கீழே மருந்துக் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். முதலாளி கத்தவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "தூங்கிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் அக்கா. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். "தூங்கிக்கிட்டே வேல பாத்த காலத்துல ஒரு ஃபைலு போனதில்ல சார். முழிச்சுக்கிட்டுப் பாத்தேன், போயிடுச்சு."

மச்சான் ஏதோ சொல்ல வந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினார். "அந்த வேகத்தக் கொறைச்சு வச்சதும் யாரும் தெரியாம இல்ல தம்பி. நான்தான். வீட்ல மாமா தூங்க விடமாட்டாரு. எனக்குத் தூங்கறதுக்கு இத விட்டா வேற எடம் இல்ல." சொல்லிவிட்டு நின்றுகொண்டே அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு மச்சானை அறையவேண்டும்போல இருந்தது. அவரோ அக்காவுக்கு உட்கார நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அழிந்ததன்மேல் வேறெதையும் எழுதாமல் இருந்தால் திரும்ப எடுக்க வழி உண்டு. டிஸ்க்கைப் பிடுங்கி, அதற்கென்று இருக்கிற ஒரு கடையில் கொடுத்தோம். பெரும்பாலும் திரும்பி வந்தது. ஆனால் ஒரு ஃபைலுக்கும் பெயர் இல்லை, வரிசை இல்லை. கல்யாணத்தைக் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டு வந்து மோதிரம் போடுகிறாரா, போட்டுவிட்டுச் சாப்பிடுகிறாரா என்று நானும் அக்காவும் நாள் கணக்காக உட்கார்ந்து அடுக்கினோம். வாசலில் விருந்தினர்களை வரவேற்ற பகுதி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. பெண்ணின் அப்பா வந்து, "வரவேற்பு ரொம்பச் சின்னதா இருக்கே" என்று கேட்டார். "இப்ப அதான் சார் ஸ்டைல்" என்று முதலாளி கண்ணிமைக்காமல் சொன்னார். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும்வரை அக்கா பின்னறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அக்காவை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நானும் கிளம்பியிருப்பேன், அது முதலாளிக்குத் தெரியும். மச்சான் ஒரு நாள் காலையில் பின்னறைக்கு வந்தார். சாஃப்ட்வேரைத் திறந்து, சிங்க் வகையை மாற்றிச் சாதாரணக் காப்பியை வைத்தார். சரிபார்க்கும் கட்டத்தில் டிக் போட்டார். அதைப் போட்டால், எழுதியதை எல்லாம் மறுபடி ஒரு தடவை படித்து, அசலோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் நூறு காட்டும்.

"இனிமே இப்படியே இருக்கட்டும்க்கா. ரெண்டும் ஆன பிறகே கார்டக் குடுங்க." அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நேரம் ரெண்டு பங்கு ஆகும். அவசரம் ஒண்ணுமில்ல." பிறகு வேகக் கோலையும் தானே கொஞ்சம் கீழே தள்ளினார். மேசைமேல் இருந்த போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, முன்னறைக்கு எடுத்துக்கொண்டு போனார். சீக்கிரம் என்ற மனிதர் கதவை ஓசைப்படாமல் சாத்தியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்கா கேட்காமலே எல்லாம் கிடைத்துவிட்டது. சாத்திய கதவு, மெதுவாகப் போகிற கோடு, மதியம் வரை யாரும் கூப்பிடாத காலை நேரம். அக்கா கோட்டை ஓடவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கை மவுஸ்மேல். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் வேலையில் இறங்கினேன். கொஞ்சம் கழித்துத் திரும்பினால் அக்கா கண் விழித்து உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்சம் கழித்துத் திரும்பினேன். அப்படியே இருந்தார். கோடு நகர நகர அவர் கண்ணும் கூடவே நகர்ந்தது. மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

வீட்டில் மாமனார் டியூட்டியை விடவில்லை. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்றால் மனுஷி எங்கேதான் தூங்குவார்?

"தூங்குங்களேன்க்கா" என்றேன்.

"வரல டி."

"ஏன் வரல? அதான் எல்லாம் சரி பண்ணியாச்சே."

"கண்ண மூடினா அந்தக் காலி டிஸ்க்குதான் தெரியுது" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முன்னாடி அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்குத் தூங்குவேன். அது என்னை ஏமாத்தாதுன்னு ஒரு இது இருந்துச்சு. இப்ப அது ஓடறப்பெல்லாம் எனக்குப் பயமா இருக்கு."

அந்தப் பேச்சை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. என் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போட்டேன். மவுஸை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "நான் பாத்துக்கறேன். கண்ண எடுக்கமாட்டேன். நூறானதும் எழுப்பறேன். கண்ணாடியக் கழட்டுங்க" என்று அதட்டினேன். அக்கா சொன்னபடி கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கல்யாணம் ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க் ஒரே சீராக இரைந்தது. நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோளில் ஒரு கை பட்டது. நான் பதறி எழுந்தேன். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு டிஸ்க்கும் கழற்றி அதனதன் பெட்டியில் இருந்தன. கார்டுகள் பைக்குள் போயிருந்தன.

"எந்திரி. ரெண்டும் ஆயிடுச்சு. சாப்பிட வா" என்றார்.

"ஐயோ, நான் தூங்கிட்டேனா? எழுப்பியிருக்கலாம்லக்கா!"

"எதுக்கு? நல்லாத் தூங்கின. வாய்கூட லேசாத் தெறந்திருந்துச்சு." அவர் சிரிக்கவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. "கோட்டப் பாப்பேன், ஒன்னப் பாப்பேன். பொறாமையா இருந்துச்சு டி எனக்கு."

சொல்லிவிட்டுக் கார்டுப் பையை எடுத்துக்கொண்டு கேமராக்காரரிடம் கொடுக்கப் போனார்.